நானே பிடித்துக் கொடுத்த என் கணவர்

என் கணவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது நான்தான். சகோதரிகளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சவூதியில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் அடிபட்டு நாகூருக்குத் திரும்பியவர் அவர். வலிக்கென்று தொடங்கிய மாத்திரை, வலி போன பிறகும் அவரை விடவில்லை. யார் யாரிடமோ வாங்கி, ஒரு நாளைக்கு ஓர் அட்டை விழுங்குகிற நிலைக்கு வந்துவிட்டார்.

சென்ற ஆண்டு ரஜப் மாதம், சம்பா அறுவடை நேரம். மகளைப் பள்ளியிலிருந்து வண்டியில் கூட்டி வந்தவர், கண் சொருகி வண்டியை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கை முறிந்தது. அந்த ஆத்திரத்தில் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. அவரைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் அவரைப் பார்த்ததும் ஆத்திரமெல்லாம் பயமாகிவிட்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வாந்தி நிற்கவில்லை.

"எல்லாம் நடிப்பும்மா" என்றார் கூட வந்த போலீஸ்காரர்.

ஜெயிலுக்குப் போனால் உயிரோடு வருவாரா? சுவரோரம் நின்று கையேந்தினேன்.

"யா அல்லாஹ், கோவத்துல நான் கைவிட்டுட்டேன். நீ கைவிட்டுடாத."



காவலுக்கு வந்திருந்த பெண் ஏட்டு ஒருவர் என்னருகில் வந்தார்.

"கடைசியா மாத்திரை எப்ப போட்டாருங்க?"

"நேத்து மத்தியானங்க."

"திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்மா. என் தம்பி இப்படித்தான் போனான். யாரும் கவனிக்கல."

உள்ளே நீதிபதியம்மாவிடமும் அவரே பேசினார். "அம்மா, இவர் நடிக்கலைங்க. டாக்டர் பார்க்கணும்."

நீதிபதி என் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முதல்ல ஆஸ்பத்திரியில சேருங்க. மத்ததெல்லாம் பிறகு."

அன்று மாலை அஸர் தொழுகை முடித்து நான் வார்டுக்குள் நுழையும்போதே அவருக்கு வலிப்பு வந்தது. டாக்டர் பக்கத்துக் கட்டிலருகில்தான் நின்றிருந்தார். உயிர் பிழைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறார், தவறாமல் சிகிச்சைக்குப் போகிறார். இடையில் ஒரு முறை சறுக்கினார். தானே வந்து சொல்லி அழுதார். இன்றும் அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலில் போய் நிற்கிறேன். முன்பு தொழுகையை அவசரமாக முடித்து எழுந்துவிடுவேன். இப்போது அந்த ஏட்டம்மாவுக்காகவும், விலங்கு மாட்டி நிற்கும் ஒவ்வொருவருக்காகவும் கேட்ட பிறகே எழுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நம்பிக்கையை விடாதீர்கள், அல்லாஹ்விடம் கேளுங்கள். கோர்ட்டு வாசலில் இப்படி யாரையாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஒருத்தி அவருக்காகக் கையேந்திக்கொண்டிருப்பாள். அவளுக்கு அல்லாஹ் அனுப்பிய ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.