நான் விடாத கண்ணீருக்குக் கைதட்டல்

ஜப்பான்காரன் ஆட்சிக்காலம். மெர்போக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். பால் வெட்டும் வேலை நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கிடந்த நாட்கள் அவை.

ஒரு நாள் காலை சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து ஒருவர் வந்தார். பளிச்சென்று வெள்ளை வேட்டி சட்டை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரியின் மேல் நின்றபடி பேசினார். இதே கடாரத்து மண்ணை வென்ற சோழர்களின் பிள்ளைகள் கிழங்கைத் தின்று சாவதா என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. மூன்றே மாதம், அரிசியும் துணியும் உண்டு என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். என் கணவர் அன்றே லாரி ஏறினார்.

ஒரு வருடமாகியும் ஒரு தகவல் இல்லை. அப்போது அதே மனிதர் மறுபடியும் வந்தார். அதே சோழர், அதே கிழங்கு. குரல்கூட அதே இடத்தில் நடுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துப்பாக்கியோடு நின்ற ஜப்பான் சிப்பாயைக்கூட நினைக்காமல் எழுந்துவிட்டேன்.

"மூணு மாசம்னு கூட்டிட்டுப் போனீங்களே, ஐயா. எங்க வீட்டுக்காரரு எங்க?"

ஆள் மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ லாரியிலிருந்து இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இந்தத் தங்கச்சியின் கண்ணீரைப் பாருங்கள். இவள் கணவனைத் தேடிக் கொண்டுவர இங்கே ஓர் ஆண்மகன் இல்லையா?"

நான் அழவே இல்லை. கண்ணீர் இருந்தது அவர் கண்ணில். கைதட்டல் காதைப் பிளந்தது. யாரையும் போகச் சொல்லி நான் கேட்கவில்லை என்று கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. பதினோரு பேர் லாரி ஏறினார்கள். அதில் அடுத்த வீட்டு அண்ணனும் ஒருவர்.

சண்டை முடிந்ததும் அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அந்த அண்ணன் வரவில்லை. என் கணவரும் வரவில்லை. அண்ணனின் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அவரு போயிருக்க மாட்டாரு." அதன்பின் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

தோட்டத்து லயத்து வீடுகளிலோ, "என்னா பேச்சு பேசுனாரு" என்று அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கேள்வி கேட்ட என்மேல் வந்த கோபம், சயாம் பக்கமே போகாமல் பேசியே ஆளனுப்பிய அந்த மனிதர்மேல் ஒருவருக்கும் வரவில்லையே என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.