நம்பிக்கைக்குரிய பயணிகள் இருவர்

திங்கள், காலை: மின்னஞ்சலில் ஓர் ஒப்புதல் வந்தது. விமான நிலையத்தில் வரிசையில் நிற்காமல், முகத்தையும் விரலையும் காட்டிவிட்டுக் குடியேற்றச் சோதனையைக் கடக்கும் 'நம்பிக்கைக்குரிய பயணி' திட்டத்தில் எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. பெயர்கள் இரண்டு: என்னுடையது, என் மனைவி எஸ்தருடையது.

திங்கள், மாலை: விரல்ரேகை பதிய நாள் குறிப்பதற்காக இணையப் பக்கத்தைத் திறந்தேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எண், எஸ்தருடையது. பீரோவிலிருந்து அவள் செல்பேசியை எடுத்தேன். பேட்டரி நிறைந்திருந்தது. ஓடிபி வரவில்லை.

செவ்வாய், காலை: பாளையங்கோட்டை மார்க்கெட் அருகே ஒரு செல்பேசிக் கடைக்குச் சென்றேன். அந்த எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

செவ்வாய், மாலை: என் செல்பேசியிலிருந்து மனைவியின் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

எஸ்தர் இறந்தது போன வருடம்.

நடந்தவை இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க நாங்கள் கடைசியாகப் போனது திருவனந்தபுரம் வழியாக. குடியேற்றச் சோதனை வரிசை, எங்கள் தேவாலயத்து அசன விருந்தில் பந்திக்கு நிற்கும் கூட்டத்தைப் போல வளைந்து வளைந்து கிடந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். எஸ்தருக்குக் கால்கள் வீங்கிவிட்டன. அந்நேரம் பக்கத்திலிருந்த கண்ணாடிக் கதவின் முன் ஒருவர் வந்து நின்றார். முகத்தைக் காட்டினார், விரலை வைத்தார் — போய்விட்டார். ஒரு தும்மல் போடும் நேரம்.

அது என்ன வாசல், யாருக்கு என்று அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் எஸ்தர். நான் கேட்டிருக்க மாட்டேன். வரிசை என்றால் நிற்பது என்று பழகியவன் நான்.

"அடுத்த வாட்டி நாமளும் அந்தக் கண்ணாடிக் கதவு வழியாத்தான் போறோம், பாத்துக்கிடுங்க" என்றாள்.

ஊர் திரும்பியதும் இருவருக்கும் சேர்த்து விண்ணப்பித்தாள். கொடுத்த எண், வழக்கம்போல் அவளுடையது. வங்கி, கேஸ், மின்வாரியம், மகளின் அழைப்பு — வெளியுலகம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் வழி அந்த எண்தான். எனக்கும் ஒரு செல்பேசி உண்டு. அதில் நான் மணி பார்ப்பேன்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அவள் அதற்குள் போய்விட்டாள்.

அவளுடைய சேலைகளை மகள் வந்து, பிரித்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். செல்பேசியை மட்டும் நான் கொடுக்கவில்லை. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அதை மின்னிணைப்பில் போடுவேன். நிறைந்ததும் எடுத்துப் பீரோவில் வைப்பேன். கல்லூரியில் வாழ்நாள் முழுவதும் பௌதிகம் நடத்தியவன். மின்சாரம் இருக்கும்வரை கருவி உயிரோடிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணுக்கென்று தனியே பணம் கட்டிவர வேண்டும், கட்டாவிட்டால் அது கைமாறிப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவற்றைத் தெரிந்து வைத்திருந்தவள் அவள்.

அந்தச் செல்பேசி ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. நான் அதை இயல்பென்றே எடுத்துக்கொண்டேன். இறந்தவரை யார் அழைப்பார்கள்? ஆனாலும் சில நாள் தோன்றும்... எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள்! விஷயம் தெரியாமலாவது ஒருவர் அழைக்கக் கூடாதா? உலகம் மறப்பதில் மட்டும் தாமதம் செய்வதில்லை என்று, வாசகர்களுக்கு நினைவிருக்கலாம், இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் எழுதியும் இருக்கிறேன்.

கடைக்காரர் சிம்மைக் கழற்றிப் பார்த்தார். "சார், பேட்டரி ஃபுல்லாத்தான் இருக்கு. சிம்மு செத்து மாசக்கணக்காச்சே" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் செல்பேசியில் எண்ணைத் தட்டினார். திரையில் வேறொரு பெயர் வந்தது. திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்டேன். அந்த ஆள் மனசு வைத்து விட்டுக் கொடுத்தால்தான் உண்டு என்றார்.

ஓடிபிக்காக அழைக்கப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அது பாதி உண்மை. எனக்கு அந்த எண் திரும்ப வேண்டும்.

எடுத்தவர் கடையநல்லூர்க்காரர். கணவர் சவூதியில் வேலையாக இருக்கிறார். இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. முதலில் நான், யோசித்து வைத்திருந்த வாக்கியங்களை ஒப்பித்தேன்: விமான நிலையம், திட்டம், ஓடிபி. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கரண்டு பில்லுன்னு ஒருத்தன் வந்தான். பார்சல்னு ஒருத்தன் வந்தான். நீங்க புதுசா ஏர்போர்ட்டுன்னு வாரியளாக்கும்."

நியாயமான சந்தேகம். இது என் மனைவியின் எண்ணாக இருந்தது என்றேன்.

"அப்ப அவங்க பேரச் சொல்லுங்க, பாப்போம்."

"எஸ்தர்."

மறுமுனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ அதை அணைக்கச் சொன்னார்.

"என்ன டீச்சரு?"

"கணக்கு."

"கணக்கு டீச்சர்தான்" என்றார். குரல் மாறியிருந்தது. "அண்ணாச்சி, இந்த நம்பர் என் கைக்கு வந்த நாள்லேருந்து டீச்சரக் கேட்டு போன் வருதுல்லா. மொதல்ல தெனமும் வந்துச்சு. இப்ப வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. துபாய்லேருந்து ஒரு ஆளு, மெட்ராஸ்லேருந்து ஒரு பொம்பளப்புள்ள... ராங் நம்பர்னா நம்ப மாட்டேங்காவ, திரும்பத் திரும்ப அடிக்காவ. அதனால, டீச்சர் வெளிய போயிருக்காவன்னு சொல்லிருதேன். சரின்னு வச்சிருதாவ."

நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

ஆக, அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் ஒரு பீரோவுக்குள் நிறைந்த பேட்டரியோடு செல்பேசி மௌனமாகக் கிடந்த நாள்களில், கடையநல்லூரில் ஒரு சமையலறையில் அவளைத் தேடி மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் காத்திருந்த ஒவ்வொரு குரலுக்கும், முன்பின் தெரியாத ஒருவர் மரியாதையாகப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எண்ணை எனக்கே திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

அவர் உடனே மறுக்கவில்லை. காரணத்தைத்தான் சொன்னார். "சவூதில எங்க வீட்டுக்காரவுக மனப்பாடமா வச்சிருக்கது இந்த ஒரு நம்பர்தான் அண்ணாச்சி."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் எண்ணிக்கொண்டேன். பிழைப்புக்காகப் போய்வரும் அவர் கணவர், காகிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்காகப் போய்வரும் நான் நம்பிக்கைக்குரிய பயணி. இந்தத் தராசை யார் செய்தார்களோ...

"சரி, அந்த ஓடிபிய அனுப்பச் சொல்லுங்க. வாசிக்கேன்" என்றார் அவர்.

அனுப்பச் செய்தேன். ஒவ்வொரு இலக்கமாக, பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதுபோல் வாசித்தார். பக்கம் திறந்தது.

இரண்டு பெயர்கள், பக்கத்தில் இரண்டு பச்சைக் குறிகள். பயணிகள் இருவரும் ஒரே நாளில் நேரில் வந்து விரல்ரேகை பதிய வேண்டும் என்றிருந்தது. ஒருவர் மட்டும் வருவதானால், மற்றவர் பெயரை நீக்கிவிட்டுக் காரணத்தைக் குறிக்க வேண்டும். காரணங்கள் மூன்று கொடுத்திருந்தார்கள்: பயணத் திட்டம் மாறியது. தகவலில் பிழை. விருப்பமில்லை.

மூன்றையும் பலமுறை வாசித்தேன். அவளுக்குப் பொருந்துவது ஒன்றுமில்லை. குறிப்பாக மூன்றாவது.

பக்கத்தை மூடினேன்.

இணைப்பில் அந்தப் பெண் இன்னும் இருந்தார். வேலை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். பிறகு கேட்டார்: "டீச்சர் சொகமா இருக்காவளா? எத்தன பேரு தேடுதாவ... ஒரு நாள் பேசிப் பாக்கணும்னு எனக்கே ஆசை."

சொன்னேன்.

பிறகு, இறைவனிடமே எல்லோரும் மீள்கிறோம் என்ற அந்த அரபு வாக்கியத்தை மெல்லச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன நீண்ட ஆறுதல்களைவிட அது சிறியது.

"இனி கேக்குதவங்கட்ட நான் என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொருவராக வருந்துவார்கள். பிறகு அழைக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று இரண்டு என்பது, மாதத்துக்கு ஒன்றாகி, நின்றுபோகும். அதை நிறுத்தும் சொல் என் வாயிலிருந்து வர வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவுகளைத் திறக்க விரல் போதும். இதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரம் செய்யாமல் நிற்கும் வேலைகள்:

மகளிடம், வந்தால் பழையபடி வரிசையில் நின்றுதான் வருவேன் என்று சொல்வது.

மூன்று காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது.

காலையில் அந்தச் செல்பேசியை மின்னிணைப்பில் போடாமல் இருப்பது.

கடையநல்லூருக்குப் பதில் சொல்வது. அதுவரை, டீச்சர் வெளியே போயிருக்கிறார்.