மழையைத் தாங்கிய வளையம்

வவுனியாவில் பாதி வீடுகளின் இரும்புக் கேற், வெல்டிங் வேலை செய்யும் சங்கிலி என்பவர் ஒட்டியதுதான். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய தகப்பனுக்குப் பிறந்து, இரும்போடேயே ஐம்பது வயதைக் கடந்தவர். அப்படிப்பட்டவரே, புது வாசிகசாலை மண்டபக் கூரையில் தொங்கவிட ஒரு இரும்பு வளையம் செய்து தரச் சொன்னபோது, யோசிக்க ஒரு கிழமை கேட்டார்.

வளையத்தில் தொங்கப்போவது அருந்ததி என்ற சிற்பி செய்த அறுநூறு கண்ணாடித் துளிகள், ஒவ்வொன்றும் மெல்லிய உருக்குக் கம்பியில். கீழே பிள்ளைகள் இருந்து படிப்பார்கள். ஒரு ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஒட்டையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வளையத்தில் நெல் மூட்டைகளைத் தொங்கவிட்டு இரண்டு நாள் பார்த்தார். பொறியியலாளர் சரி சொன்ன பிறகும் மனம் ஆறவில்லை.

திறப்பு நாளன்று வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். சங்கிலி மட்டும் சுவரோரம் நின்று ஒட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அமராவதி வந்து கையைப் பிடித்தாள்.

"இரும்பப் பாத்தது காணும். கண்ணாடியப் பாருங்கோவன்."

பார்த்தார். யன்னல் வெயில் கண்ணாடிக்குள் இறங்கியிருந்தது. பெய்ய வந்த மழை பாதி வழியில் ஏதோ யோசித்து நின்றுவிட்டதுபோல் இருந்தது. யாரோ கதவைத் திறக்க, காற்றில் அறுநூறு துளியும் மெல்ல அசைந்தன. சுவரிலும் தரையிலும் ஆட்களின் முகங்களிலும் வெளிச்சம் ஓடியது. சங்கிலி மூச்சுவிட மறந்துபோனார். இவ்வளவையும் தன் கைவேலையா தாங்குகிறது என்று நம்ப முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அருந்ததி பக்கத்தில் வந்தார். "அண்ணை, வளையத்தில மஞ்சளா ஒரு முடிச்சுத் தெரியுது. என்ன அது?"

சங்கிலிக்கு முகம் செத்துப்போனது. எந்த வேலை தொடங்கினாலும் பிள்ளையாருக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து இரும்பில் கட்டுவது அவர் வழக்கம். வேலை முடிந்ததும் அவிழ்த்துக் கோயில் உண்டியலில் போடுவார். ஏறி நின்று வேலை செய்த சாரத்தைப் பிரித்த அவசரத்தில் மறந்துவிட்டார்.

"நேர்த்தி முடிச்சு மிஸ். மறந்துபோனன். கழட்டிவிடுறன்."

"ஏணி கொண்டுவரச் சொல்லுறன். என்னெண்டு நேர்ந்தனீங்கள்?"

"ஒருத்தற்ற தலையிலயும் விழக்கூடாதெண்டு."

சொன்னவர் மேலே பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். துளிகளுக்கு நேர் கீழே ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஏணி வேண்டாம் மிஸ்," என்றார். "இது தொங்குற வரைக்கும் என்ர வேலை முடியேல்ல."