கால்மாட்டில் தொங்கிய செங்கல்

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கற்கள் தொங்கின. கயிற்றின் ஒரு முனையில் செங்கல். மறுமுனையில் திருமயத்து சயின்ஸ் சாரின் ஒடிந்த கால். பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் சைக்கிளோடு பாலத்திலிருந்து விழுந்தவர். எலும்பு விலகாமல் கூடவேண்டுமானால் அந்தப் பாரம் காலை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அறுபதுகளின் கடைசி அது. புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை.

சார் சும்மா கிடக்கிற ஆள் இல்லை. பேப்பரில் படித்ததை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். விண்வெளிக்குப் போனவர்களுக்கு மேலேயே சளி பிடித்துவிட்டதாக ஒருநாள் செய்தி வந்திருந்தது. “பாத்தீங்களா சிஸ்டர், அங்க ஒடம்புக்குப் பாரமே தெரியாது. எனக்கும் காலு தரையில படாம ஒரு மாசமாச்சு. பாரம் இல்லாட்டி ஒடம்புல இருக்குற காவக்காரனும் அசந்துருவானோ?” என்றார். நான் தெர்மாமீட்டரை வைத்து அவர் வாயை அடைத்தேன்.

அடுத்த வாரம் அவர் இடுப்பில் அக்கி கிளம்பியது. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் கிருமிதான் உள்ளே பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது இப்படிக் கொப்புளமாக வரும் என்றார் டாக்டர். அந்த எரிச்சலிலும் சாருக்கு ஒரு சந்தோஷம். “நான் சொன்னேனா இல்லையா?” என்று என்னைப் பார்த்தார்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் எடுபடவில்லை. அக்கி என்றால் குயவர் வந்து காவி கரைத்து, கொப்புளத்தின்மேல் சிங்கப் படம் எழுதவேண்டும், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் ஊரிலிருந்து குயவரையே கூட்டிவந்துவிட்டார். முதுகுப் பக்கம் எழுத சாரைப் புரட்டவேண்டும், செங்கல் விடாது. “செத்த நேரம் அவுத்து விடுங்க தாயி, மனுசன் தூங்கி நாலு நாளாச்சு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவிழ்த்தேன். இரக்கம் என்று நினைத்துச் செய்தேன், அறிவுகெட்டத்தனம் அது.

குயவர் சிங்கத்தை நன்றாகத்தான் எழுதினார். புரட்டும்போது சார் போட்ட சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் எக்ஸ்ரேயில் கூடிவந்த எலும்பு விலகியிருந்தது. “யார் செங்கல்லை அவுத்தது?” என்று டாக்டர் கத்தினார். “நாந்தான் டாக்டர்” என்றார் சார். மல்லாந்து கிடப்பவருக்குக் கால்மாடு எட்டாது என்று டாக்டருக்குத் தெரியாதா? அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தேன். என் வேலை தப்பியது.

மேலும் இரண்டு மாதம் படுத்திருந்துவிட்டு சார் ஊருக்குப் புறப்பட்டபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது. “பூமிக்கு எறங்கியாச்சு சிஸ்டர், கொஞ்சம் சாஞ்சு எறங்கிட்டேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

போன மாதம் பேப்பரில் படித்தேன். விண்வெளியில் மிதப்பவர்களின் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றனவாம். பதுங்கியிருந்த அம்மைக் கிருமி மறுபடி தலைகாட்டுகிறதாம். எடையில்லாத உடம்பு என்ன ஆகும் என்று அறிய, இங்கே பூமியில் ஆட்களை வாரக்கணக்கில் படுக்கவைத்துப் பார்க்கிறார்களாம். சாரின் சந்தேகம் அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனமில்லை. அதை அவரிடம் சொல்ல ஆசைதான்; அவர் இல்லை. இருந்தாலும் முதலில் சொல்லவேண்டியது அது இல்லை. டாக்டர் அன்று கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். செங்கல்லை அவிழ்த்தது நான்.