வலைக்கண்ணியைவிடப் பெரியது

அக்கா சனிக்கிழமைகளிலும் கல்லூரிக்குக் கிளம்பத் தொடங்கியதும் நைனாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லேப் இருக்கிறது என்றாள். ஐந்து நாளில் முடியாத லேப் அப்படி என்ன லேப்? பழவேற்காட்டு ஏரியில் பாதி வயதைக் கழித்தவர் அவர். தண்ணீர் லேசாகக் கலங்கினாலே அடியில் என்னவென்று பார்க்காமல் விடமாட்டார். அவள் சொல்வது பொய்யென்றால் படிப்பை நிறுத்தி, தேர்வாய் கண்டிகைக் கம்பெனி வேலைக்கு வேனில் ஏற்றிவிடுவதென்று முடிவாகியிருந்தது.

வேவு பார்க்க ஒரு சனிக்கிழமை அக்காவோடு என்னை அனுப்பினார்கள். எனக்குப் பத்து வயது. தெருவில் யார் வீட்டுச் சண்டையையும் வரி விடாமல் ஒப்பிப்பவன் என்பதால் கிடைத்த பதவி.

“எவனாச்சும் அக்காகிட்ட பேசறானா பாரு. கண்ண அங்க இங்க வுடாத,” என்றார் நைனா.

லேபில் அக்கா என்னை மைக்ரோஸ்கோப் முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். உள்ளே ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து குமிழைத் திருகியது; மணிக்கட்டில் நீளமாகத் தையல் தழும்பு. கஞ்சிபோல ஒன்று தெரிந்தது. அமீபாவாம். கால் இல்லை, துடுப்பு இல்லை, வால் இல்லை. உடம்பை ஒரு பக்கம் நீட்டி, மிச்ச உடம்பை அதற்குள் ஊற்றிக்கொண்டு நகர்ந்தது. எதிரே இரண்டு பாசி இழைகள். நடுவிலிருந்த சந்து அதன் உடம்பில் பாதிகூட இல்லை.

“இதெல்லாம் ரீலு. நூலு கட்டி இஸ்துகினு கீறீங்க,” என்றேன்.

“நூலெல்லாம் இல்ல தம்பி, அதுவே ஒல்லியாயி பூந்துரும். நம்ம ரத்தத்துலகூட இப்டி கீது. எனக்கு இந்த வெட்டு பட்டப்போ சந்துல பூந்து வந்து வேல செஞ்சது அதான். தலைய மட்டும் தூக்காத, மிஸ் ஆயிடும்,” என்றது கைக்குரிய குரல்.

தூக்கவில்லை. அது மெலிந்து, நுழைந்து, மறுபக்கம் திரண்டு உருள ரொம்ப நேரம் ஆனது. பின்னால் அக்கா சிரித்தாள். என் கழுத்து கோணியதைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நைனா வலையைத் தைத்துக்கொண்டே விசாரித்தார்.

“எவனாச்சும் பேசினானா?”

“பாக்கல நைனா. ஆனா கண்ணியவிடப் பெருசு ஒண்ணு கண்ணிக்குள்ள பூந்து போச்சு.”

“பெருசு எப்டிடா பூரும்? உங்கக்கா இன்னா வாங்கிக் குடுத்தா?”

சந்தேகம் என் பக்கம் திரும்பியது. பலூனில் பாதி தண்ணீர் பிடித்து, அவர் மடியிலிருந்த வலையின் ஒரு கண்ணியில் வைத்து அழுத்தினேன். இந்தப் பக்கம் இளைத்து, அந்தப் பக்கம் பெருத்து, பொதுக்கென்று விழுந்தது. நைனா கண்ணிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கிழியவில்லை.

“இன்னாமே, இதெல்லாம் இவனுக்கு சொந்தமா ஜோடிக்கத் தெரியாது. லேபுலதான் இருந்துகீறாங்க,” என்றார் அம்மாவிடம்.

அக்காவின் சனிக்கிழமைகள் தப்பின.

நாலு வருஷம் கழித்து அவளுக்குத் தாலி கட்டிய கையில் அந்தத் தையல் தழும்பு இருந்தது. எட்டாவது பெயிலானபோதுகூட நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு ஒற்றைக் கண்ணை மூடி, தலையைத் தூக்காமல், யாருக்காகக் காவல் இருந்தேன் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.