புனிதாவுக்கு வந்த பார்சல்

புனிதாவை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில் நான் நர்ஸ். எச்.ஐ.வி. உள்ளவர்களின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, அடுத்த தேதி எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்; வெரோனிகா மிஸ்ஸி என்றால் சத்தம் போடுகிற மிஸ்ஸி என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் உழைத்துத்தான் சம்பாதித்தேன்.

புனிதா எனக்கு நேர் எதிர். வாயில் வார்த்தை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். கணவர் இறந்த வருடம்தான் தன் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. மகள் வாணிக்கு அப்போது ஆறு வயது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்த அன்று, என் மேசையில் தலையைக் கவிழ்த்து அரை மணி நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, காப்பாரில் இருக்கும் அண்ணன் விஜயன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை கிடைத்தது, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தினமும் ஒரு மாத்திரை, இந்த வருடம்வரை ஒரு நாள் தவறியதில்லை. ரத்தத்தில் கிருமியைத் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அதை அடக்கி வைத்திருந்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அண்ணன் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மகளோடு வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒன்பது வருடமாக அவளை விடவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் தொழிற்சாலைக்குப் புது சூப்பர்வைசர் வந்தார். மாதாமாதம் செவ்வாய்க்கிழமை இவளுக்கு மட்டும் எப்படி உடம்பு சரியில்லாமல் போகிறது என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். புனிதா அந்த மாதத் தேதிக்குக் கிளினிக் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தபோது மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. நான் வழக்கம்போல் கத்தித் தீர்த்தேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தப்பு அவள்மேல் இல்லை, மாத்திரை கொடுக்க நாங்கள் பிடித்து வைத்திருக்கும் செவ்வாய்க்கிழமைமேல்தான்.

டாக்டரிடம் பேசினேன். இனி மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கலாம், அதையும் தபாலில் அனுப்பலாம் என்று முடிவானது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வீடு மாறிப் போன ஒரு லோரி டிரைவருக்கு அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். தனிக்கட்டை, ஒரு தொல்லையும் இல்லை.

"வீட்டுக்கே பார்சல் வந்திரும். நீ லீவே போட வேண்டாம்லா. ஓகேயா?" என்றேன்.

"சரி மிஸ்ஸி."

யூனிஃபார்ம் போட்டவர்களிடம் புனிதா முடியாது என்று சொன்னதே கிடையாது. அது தெரிந்தும் நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. என் யோசனையில் நானே மயங்கிப்போயிருந்தேன்.

அந்த வீட்டில் பார்சல் வந்தால் வாசல் கேட்டுக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்தான் பிரிப்பார்கள். பெயர் பார்க்கிற வழக்கமெல்லாம் இல்லை. புனிதாவின் அண்ணி மாதவி ஆன்லைனில் சேலை வாங்குகிறவர், சேலைதான் என்று நினைத்துக் கிழித்துவிட்டார். பாட்டில்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டதற்கு, புனிதா பயத்தில் ரத்தம் ஊறுகிற மாத்திரை என்று சொல்லிவைத்தாள்.

அடுத்த வாரம் புனிதா தொழிற்சாலையிலிருந்து போன் செய்தாள்.

"மிஸ்ஸி, அண்ணி என் மாத்திரையைச் சாப்பிடறாங்க!"

"என்னது?"

"அவங்களுக்கும் தலை சுத்துதாம். ரத்தம் கம்மின்னு தினம் ஒண்ணு போட்டிருக்காங்க. இன்னிக்கு எண்ணிப் பாக்கறேன், ஏழு குறையுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உடனே நிறுத்தச் சொல், அவரை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல் என்றேன். அன்று சாயங்காலம் புனிதா அண்ணியின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கியிருக்கிறாள். வாய் திறக்காதவள் பிடுங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மூன்றாம் நாள் மாதவியே என் மேசைக்கு வந்து நின்றார். கட்டையான அம்மாள், தலையில் மல்லிகை, கையில் கிழிந்த பார்சல் உறை. அதில் எங்கள் கிளினிக் முகவரி இருந்தது.

"யாரைப் பத்தியும் நான் பேச மாட்டேன்மா," என்றேன் முந்திக்கொண்டு.

"நீங்க பேச வேண்டாம் மிஸ்ஸி. பாட்டில்ல இருந்த மருந்துப் பேரைப் போன்ல தட்டிப் பாத்துட்டேன்."

புனிதாவின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். வாணியை எந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்றுகூட மனசு ஓடியது.

முதலில் அவரை டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வந்தவர் கிளம்பாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் முழுங்கினது ஏழு. அவளுக்குக் கடைசியில ஏழு நாள் மருந்து இல்லாமப் போயிருமே. அதை வாங்கத்தான் வந்தேன்."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன்.

"எங்க வீட்டுல அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அவளே கழுவி, அவளே எடுத்து வச்சுக்குவா. எங்க கை பட்டதுல சாப்பிட மாட்டேங்கறா, என்னா திமிருன்னு ஒன்பது வருசமா மனசுல வச்சிருந்தேன் மிஸ்ஸி. தட்டுல எல்லாம் அது ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாதும்மா. யாருக்குமே ஒட்டாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். ஒன்பது வருடம் அவள் ரத்தத்தை அளந்தேன், வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூட கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை பூ வாங்க நான் கிள்ளானுக்கு வருவேன். இனிமே நானே வந்து எடுத்துட்டுப் போறேனே," என்றார்.

"அதை மருந்து சாப்பிடறவங்கதான் சொல்லணும். முதல்ல வீட்டுல பேசுங்க."

மறுநாள் டீ நேரத்தில் புனிதா போன் செய்தாள். நான் கத்தவில்லை.

"உனக்கு மருந்து எப்படி வேணும் புனிதா? நீயே சொல்லு."

"போஸ்ட் வேண்டாம் மிஸ்ஸி," என்றாள். அவள் என்னிடம் சொன்ன முதல் வேண்டாம். "அண்ணி வந்து வாங்கிக்குவாங்க."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என் தனித் தட்டைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க மிஸ்ஸி."