சிம்பான் பண்ணாத தோட்டம்

இறந்துபோன மகன் விளையாடி வைத்திருந்ததை நான் அழித்தேன். பிறகு அவன் தாயிடம், அது தானாகவே கெட்டுப்போனது என்று பொய் சொன்னேன். இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பேய் பிசாசு எதையும் நம்பியவனல்ல நான், அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது இதுதான்.

ஓய்வுக்குப் பிறகு சூலியா தெருவுக்குப் பின்னால் பழைய வீடியோ கேம் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தேன். சரஸ்வதி தன் மகனின் கேம் மெஷினைக் கொண்டுவந்தாள். மகன் தினேஷ் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டிருந்தான்.

"இத எடுத்துக்கிட்டு பழைய மாடல் ஒண்ணும் மிச்ச வெள்ளியும் குடுங்கண்ணே. உள்ள கேம்ல தினேஷ் தோட்டம் போட்டிருக்கான். அத மட்டும் பழசுல சிம்பான் பண்ணிடுங்கலா."

எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளி என்றால் பணம், சிம்பான் என்றால் பத்திரமாக எடுத்துவைப்பது. கேமைச் சேமிப்பதற்கும் அதே சொல்தான். "கண்டிப்பாம்மா" என்றேன். ஆனால் அவள் போன கையோடு கெலுகோர் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவன் ஒருவன் வந்து நல்ல விலை சொன்னான், உடனே வேண்டும் என்றான், தோட்டத்தை மாற்ற நேரமாகும் என்று நான் எல்லாவற்றையும் துடைத்து அவனிடம் விற்றுவிட்டேன். பழைய மாடலை வாங்க வந்த சரஸ்வதியிடம், தோட்டம் தானாகவே கெட்டுப்போனது என்றேன்.

சில நாளில் அந்த மாணவன் மெஷினோடு திரும்பி வந்தான். "அங்கிள், நான் வெத போட்டா யாரோ தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க. வேலைக்காரப் பேய்லா. நல்ல பேய்தான், ஆனா எனக்கு வேணாம்."

சிரித்துக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டப்பகலில், அவன் கண்ணெதிரில், மறுபடி துடைத்தேன். புதிதாகத் தொடங்கி, விதைத்து, தண்ணீர் ஊற்றாமல் அணைத்து மேசை மேலேயே வைத்தேன். சாப்பிட்டு வந்து திறந்தால், நம்புவீர்களோ மாட்டீர்களோ, மண் நனைந்திருந்தது. அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

மீண்டும் எல்லாவற்றையும் துடைத்து, அன்று மாலையே சரஸ்வதியின் வீட்டுக்குப் போய் மெஷினைக் கையில் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே அண்ணே. நானும் நம்பிட்டு, அவன் விதி அவ்வளவுதான்னு இருந்தேனே" என்றாள். தண்ணீர் விஷயத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அவள் மெஷினைத் திறந்தாள். ஒன்றுமில்லை, வெறும் திரை, தொடங்குவதற்குப் பெயர் கேட்டது. ஒற்றை விரலால் மகனின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். மெஷின் ஏற்கவில்லை. அந்தப் பெயரில் இங்கே ஏற்கெனவே ஒருவர் வசிக்கிறார், வேறு பெயர் கொடுங்கள் என்றது.

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "இருக்கானாம் அண்ணே" என்றாள். பிறகு என்னைத் திரும்பியே பார்க்காமல் 'அம்மா' என்று தட்டினாள். அதை ஏற்றுக்கொண்டது.

அதே கேமை வேறு பல மெஷின்களில் போட்டு, ஒரே பெயரை மறுபடி மறுபடி கொடுத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் மறுத்ததில்லை. அப்படி ஒரு வாசகமே அந்த கேமில் கிடையாது.